‘23, ஸ்கிடூ!’ – ஒரு சென்ட் அட்டையில் வந்த சிரிப்பு

நண்பர்களே, வணக்கம்.

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் போட்டோ என்றதும் விறைத்த முகங்கள்தானே நினைவுக்கு வரும்? அதே காலத்து மக்கள் தபால் அட்டைக்குப் போஸ் கொடுத்ததைப் பாருங்கள். ஸ்டூடியோவில் அட்டையில் செய்த மோட்டார் காரில் ஏறியிருப்பார்கள், காகித நிலாவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும்.

இந்தச் சிரிப்புக்கு வழி செய்தது மலிவு விலை. 1903-இல் கோடக் கம்பெனி 3ஏ என்ற மடக்குக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நெகடிவே தபால் அட்டை அளவு. பின்பக்கம் அஞ்சலட்டையாக அச்சிட்ட போட்டோத் தாளும் கடையில் கிடைத்தது. படத்தை அதில் பதித்து, ஒரு சென்ட் தபால்தலை ஒட்டினால் போதும். 1908 ஜூனில் முடிந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே தபாலில் போன அட்டைகள் 67 கோடிக்கு மேல். நாட்டின் ஜனத்தொகையோ 9 கோடிகூட இல்லை!

1907 மார்ச் வரை முகவரிப் பக்கத்தில் சேதி எழுத அனுமதி கிடையாது. படத்தின் ஓரத்தில் விரலளவு இடம்தான். அதில் எதை எழுதுவது? ஊரே சொல்லிக்கொண்டிருந்த சொல்லை எழுதினார்கள்.

‘ஸ்கிடூ’ அப்படி ஒரு சொல். ‘நடையைக் கட்டு’ என்கிறோமே, அதுதான். 1906 வாக்கில் ‘23’ என்ற எண்ணோடு சேர்ந்து அது நாடெங்கும் ஓடியது. வெறும் 23 என்று எழுதினாலே சிரித்தார்கள். அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை; எதற்கும் உறுதியான சான்று இல்லை. அப்புறம் ‘ஓ யூ கிட்!’ வந்தது. அழகான ஒருவரைப் பார்த்து ‘அடேயப்பா, ஆளைப் பாரேன்!’ என்று கண்ணடிக்கிற பேச்சு. 1909-இல் வந்த ஒரு வேடிக்கைப் பாட்டு அதை எல்லோர் வாயிலும் போட்டது.

வாய்ப்பேச்சைப் போலவே படமும் புளுகியது. கான்சாஸ் மாநிலத்தின் ஒட்டாவா ஊரில் வில்லியம் மார்ட்டின் என்ற ஸ்டூடியோக்காரர் 1908 வாக்கில் இதில் இறங்கினார். ஒரு சோளக்கதிரைப் படமெடுத்துப் பெரிதாக்குவார். கத்தரியால் வெட்டி, மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ உள்ள வேறொரு படத்தின் மேல் ஒட்டுவார். ஒட்டியதை மறுபடி படமெடுத்தால் ஒரே கதிர் வண்டி முழுக்க நிறைந்திருக்கும்! வறட்சி கண்ட மண் அது. அங்கே குடியேறிய விவசாயிகள், ‘எங்கள் ஊர் விளைச்சலைப் பார்’ என்று உறவுக்காரர்களுக்கு இதை அனுப்பினார்கள். அந்தப் புளுகில் எனக்கு அவர்களுடைய தெம்புதான் தெரிகிறது.

முத்திரையும் தேதியும் இல்லாத அட்டை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்தச் சொற்களைத்தான். படத்தில் இருப்பவர் பிடித்திருக்கும் கொடியில் 23 என்றிருந்தால் 1906-ஐ ஒட்டிய படமாக இருக்கும். ‘ஓ யூ கிட்’ என்றிருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் தள்ளி. சரி, படங்களைப் பார்ப்போம், வாருங்கள்.