கணக்கில் முதல் மார்க், கையில் பட்டம் இல்லை!

(திரையில்: கேம்பிரிட்ஜ் செனட் ஹவுஸ், பழைய புகைப்படம்)

1890, ஜூன் மாதம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வு முடிவை வாசிக்கிறார்கள். முதலிடம் பிடிப்பவருக்கு 'சீனியர் ரேங்லர்' என்று பெயர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது உலகக் கோப்பை ஜெயித்த மாதிரி, பத்திரிகையெல்லாம் எழுதும். ஆண்கள் பட்டியல் முடிந்தது. அப்புறம் பெண்கள் பட்டியல். முதல் பெயர், ஃபிலிப்பா ஃபாசெட். எத்தனையாவது இடம்? "சீனியர் ரேங்லருக்கு மேலே!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆண்களில் முதலிடம் பிடித்தவரைவிட அவருக்கு 13 சதவீதம் அதிக மதிப்பெண். சரி, பட்டம் கொடுத்தார்களா? இல்லை.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வீடியோவைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். எமிலி டேவிஸ் என்ற பெண்மணி 1869-இல் ஹிட்சின் என்ற ஊரில் 5 மாணவிகளோடு ஒரு கல்லூரி தொடங்கினார். அதுதான் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் குடியேறிய கர்ட்டன். 1871-இல் நியூனம் என்ற இன்னொரு பெண்கள் கல்லூரி வந்தது. 1881-இல் பெண்களும் முறைப்படி தேர்வு எழுதலாம் என்றார்கள். அவ்வளவுதான் பின்னணி!

படிக்க விட்டவர்கள் பட்டத்தில் ஏன் கையை மூடினார்கள்? அன்றைக்கு அங்கே பட்டம் என்பது வெறும் காகிதம் இல்லை. எம்.ஏ. வாங்கினால் பல்கலைக்கழக நிர்வாகத்தில் ஓட்டுப் போடலாம். பயம் அந்த ஓட்டின் மேல்தான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

(திரையில்: சைக்கிள் பொம்மை)

1897 மே மாதம், பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு. பழைய மாணவர்கள் வந்து எதிர்த்து ஓட்டுப் போட லண்டனிலிருந்து சிறப்பு ரயில் வேறு! வாக்கெடுப்பு நடந்த கட்டிடமான செனட் ஹவுஸுக்கு எதிரே ஒரு ஜன்னலிலிருந்து பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பெண் பொம்மை, உட்கார்ந்திருப்பது சைக்கிளில். கவனியுங்கள், புத்தகத்தோடு இல்லை, சைக்கிளோடு! யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தானே மிதித்துக்கொண்டு போகிற பெண்தான் அன்றைக்கு அவர்களை மிரட்டிய உருவம் என்று நினைக்கிறேன். தீர்மானம் படுதோல்வி. கொண்டாட்டத்தில் பொம்மையின் தலையைப் பிய்த்து, மிச்சத்தை நியூனம் கல்லூரி வாசல் கதவுக்குள் திணித்துவிட்டு வந்தார்கள். படித்தவர்கள், சார்!

ஆனால் பெண்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், அயர்லாந்தில் இருக்கும் டப்ளின் டிரினிட்டி மூன்றுக்கும் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: ஒன்றில் தகுதி பெற்றவர் இன்னொன்றில் பட்டம் வாங்கலாம். டிரினிட்டி 1904-இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் இவர்கள் கிளம்பிவிட்டார்கள். நீராவிக் கப்பலில் கடல் தாண்டிப் போய், கட்டணம் கட்டி, பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 1907 வரை 700-க்கும் மேற்பட்டவர்கள்! 'ஸ்டீம்போட் லேடீஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. தேர்வு எழுதியது ஓர் ஊரில், பட்டம் வேறு நாட்டில். இதை யாராவது சினிமாவாக எடுங்களேன்.

ஆக்ஸ்போர்டு 1920-இல் இறங்கி வந்தது. கேம்பிரிட்ஜ் 1921-இல் மறுபடியும் மறுத்தது. இந்தத் தடவை மாணவர்கள் கைவண்டியால் நியூனத்தின் வெண்கலக் கதவை மோதி உடைத்தார்கள். பெண்களுக்குக் கிடைத்தது பேருக்கு ஒரு பட்டம், ஓட்டு கிடையாது.

இப்போது நம்ம பக்கம் பாருங்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினி கங்கூலியும் சந்திரமுகி பாசுவும் 1883-இலேயே பட்டதாரிகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் டாக்டர். அதே பிரிட்டிஷ் ஆட்சி, அதே காலம்! காலனியில் கொடுத்ததைக் கேம்பிரிட்ஜில் கொடுக்க மனசு வரவில்லை. இது உங்களுக்குத் தெரியுமா என்று கமெண்டில் சொல்லுங்கள்.

கேம்பிரிட்ஜ் எப்போதுதான் கொடுத்தது? 1948-இல். ஏப்ரல் கடைசியில் அரச ஒப்புதல் வந்தது. ஜூன் 10 அன்று, 80 வயதில், ஃபிலிப்பா ஃபாசெட் காலமானார்.