அடி மேல் அடி: சங்கக் கூட்டமும் ஒரு ஜோடிக் கண்களும்
(சேவைச் சங்கப் பணியேற்பு விழாவில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் மாவட்ட ஆளுநர் அவர்களே, இன்று தலைவர் பொறுப்பை ஏற்றிருக்கும் அன்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓராண்டு காலம் இந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்து இன்று நல்ல கைகளில் ஒப்படைத்திருக்கும் முன்னாள் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்துக்கு வித்திட்ட சாசனத் தலைவர் அவர்களே, பக்கத்துச் சங்கங்களிலிருந்து வந்திருக்கும் தலைவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் கண் வங்கி மருத்துவர் அவர்களே, உறுப்பினர்களே, அவர்களுக்குத் துணை நிற்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சாசனத் தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் உரையைத் தொடங்குவது முறையாகாது. ஒரு சங்கத்தைத் தொடங்க உற்சாகம் போதும். தொடங்கிய சங்கத்தின் கூட்டத்துக்குப் பதவி எதுவும் இல்லாத ஆண்டுகளிலும் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருவதற்குத்தான் மனம் வேண்டும். அவர் இன்றும் அப்படி வருகிறார். அவருக்கு உங்கள் கரவொலி உரியது. மாவட்ட ஆளுநர் அவர்கள் இன்றைக்கே இன்னொரு சங்க விழாவுக்கும் செல்ல வேண்டும் என்று அறிவிப்பாளர் சொன்னார். அவரை அதிக நேரம் காக்க வைக்க மாட்டேன். மருத்துவர் அவர்களிடம் மட்டும், உரை முடியும் வரை இருக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். காரணம் பிறகு விளங்கும்.

மூன்று செய்திகளைப் பேச நினைத்திருக்கிறேன். ஒன்று, கூட்டத்தை எப்படி நடத்துவது. இரண்டு, கணக்கை எப்படி வைப்பது. மூன்று, இளைஞர்களை எப்படிச் சேர்ப்பது. மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

சேவைச் சங்கம் என்ற அமைப்பே கூட்டத்தில் பிறந்ததுதான். 1905 பிப்ரவரி 23ஆம் நாள் சிகாகோ நகரத்தில் வழக்கறிஞர் பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் ஒரு அலுவலக அறையில் கூடினார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. அவர்களுடைய ஊருக்கான முதல் பணி 1907இல் பொதுக் கழிப்பிடம் அமைக்க முன்னின்றது. நடுவில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இரண்டு ஆண்டுகளும் அவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கூட்டம் முதலில் வந்தது, பணி அதற்குள்ளிருந்து வந்தது.

நல்ல கூட்டத்துக்கு 60 நிமிடம் போதும். மணி அடித்து, உறுதிமொழி சொல்லி, விருந்தினரை வரவேற்க 5 நிமிடம். சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஒப்புதல் பெற 5. செயலாளர், பொருளாளர் அறிக்கைகளுக்கு 10. நடந்துகொண்டிருக்கும் பணிகளில் எது முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று பேச 15. சிறப்பு விருந்தினருக்கு 15, அவரிடம் கேள்விக்கு 5. கடைசி 5 நிமிடம், அடுத்த கூட்டத்துக்குள் யார் எதை முடிப்பது என்று பெயரும் தேதியும் சொல்லி வாசிக்க. இந்தக் கடைசி 5 நிமிடத்தைத்தான் பெரும்பாலான சங்கங்கள் நன்றியுரைக்குக் கொடுத்துவிடுகின்றன. பிறகு, போன மாதம் முடிவெடுத்தோமே, அது என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

குறிப்பேட்டில் பேச்சு முழுவதையும் எழுத வேண்டியதில்லை. முடிவு என்ன, பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்று பத்திகள் போட்ட ஒரு பக்கம் போதும். கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் அது எல்லா உறுப்பினருடைய செல்போனுக்கும் போய்விட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் செயலாளர் நினைவிலிருந்து எழுதுவார், நினைவு ஆளுக்கு ஆள் மாறும், சச்சரவு அங்கேதான் முளைக்கும். பொறுப்புப் பத்தியில் ‘குழு’ என்றோ ‘அனைவரும்’ என்றோ எழுதாதீர்கள். அனைவருக்கும் கொடுத்த வேலையை யாரும் செய்வதில்லை.

இன்னொரு கோளாறு, செயற்குழுவில் முடிக்க வேண்டியதைப் பொதுக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது. பேனர் என்ன நிறம் என்று 40 பேர் விவாதித்தால் அன்றைய விருந்தினருக்கு நேரம் இருக்காது. பொதுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே செயற்குழு கூடி, விவரங்களை முடித்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். நாளையும் நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். முக்கிய விருந்தினர் வரும் வரை காத்திருந்து அரை மணி தாமதமாகத் தொடங்கும் சங்கத்தில், நேரத்துக்கு வந்தவர் அடுத்த முறை அரை மணி தாமதமாக வருவார், அதற்கடுத்த முறை வரவே மாட்டார். ஆறு பேர் இருந்தாலும் சொன்ன நேரத்தில் மணியை அடியுங்கள். அடி மேல் அடி என்று பெரியவர்கள் சொன்னது அந்த மணிக்கும் பொருந்தும்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு செய்தி. 1930ஆம் ஆண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊர். அங்கே, ரோட்டரி போலவே இன்னொரு சேவை இயக்கமான லயன்ஸ் சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் பானம். ஒரு நாள் தெருவில் பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் தவித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். கையில் கைத்தடி இருக்கிறது. தடியின் நிறம் கறுப்பு. கீழே சாலையும் கறுப்பு. வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணுக்குத் தடி தெரிகிறதா? தெரியவில்லை. தடி தெரியாததால், அதைப் பிடித்திருப்பவருக்குப் பார்வை இல்லை என்பதும் தெரியவில்லை. வண்டிகள் நிற்காமல் போகின்றன.

அன்பர்களே, அந்தத் தெருவில் அன்று எத்தனை பேர் நடந்திருப்பார்கள்! எத்தனை பேர் அந்தக் காட்சியைப் பார்த்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்! கைபிடித்து அழைத்துப் போய் மறுபக்கம் விட்டவர்களும் இருந்திருப்பார்கள், அதுவும் நல்ல காரியம்தான். பானம் யோசித்தது அடுத்த நாளை. நாளைக்கு இதே மனிதர் இதே இடத்தில் நிற்பாரே, அப்போது கைபிடிக்க யார் இருப்பார்? தடிக்கு வெள்ளை அடித்தால் என்ன? நடுவே சிவப்பாக ஒரு பட்டை போட்டால் என்ன? தூரத்திலிருந்தே தெரியுமே! இந்த யோசனையை அவர் தன் சங்கத்தின் முன் வைத்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது. தடிகளுக்கு வெள்ளை அடித்து ஊரில் பார்வையற்றவர்களுக்குக் கொடுத்தார்கள்.

செலவு என்ன? கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட், கொஞ்சம் சிவப்புப் பெயின்ட், ஒரு பிரஷ். அதோடு நிற்கவில்லை. வெள்ளைத் தடியோடு ஒருவர் வந்தால் வண்டிகள் வழிவிட வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரிலேயே அந்த நகர மன்றம் சட்டம் செய்தது. அடுத்த ஆண்டு லயன்ஸ் பன்னாட்டு மாநாட்டில் இது விளக்கப்பட்டது. ஊர் ஊராகச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் அக்டோபர் 15ஆம் நாளை வெள்ளைத் தடி நாளாக அறிவிக்க வழி செய்தது. பியோரியாவுக்கு முன்பே, 1921இல், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பார்வையிழந்த ஒருவர் தன் தடிக்குத் தானே வெள்ளை அடித்துக்கொண்டதும் உண்டு. யோசனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பியோரியாவில் அதற்குப் பின்னால் தவறாமல் கூடுகிற ஒரு சங்கம் இருந்தது. அடி மேல் அடி வைத்தார்கள், அம்மி நகர்ந்தது!

அந்தச் சங்கத்தாருக்குப் பார்வையற்றோர் மீது அந்த அக்கறை வந்ததற்கும் ஒரு கூட்டம் உண்டு. 1925 ஜூன் 30ஆம் நாள் ஒஹாயோவில் சீடார் பாயின்ட் என்ற இடத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் அம்மையார் பேசினார். பார்வையும் செவியும் இல்லாத அந்த அம்மையார், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாறக் கூடாதா என்று கேட்டார். ஒரு மேடைப் பேச்சு ஓர் இயக்கத்தின் திசையைத் திருப்பியது.

கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, மக்களிடம் திரட்டிய பணம் தனிக் கணக்கு. மக்கள் பணத்தில் சங்கத்தின் தபால் செலவைக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டு கையெழுத்து இல்லாமல் காசோலை போகக் கூடாது. இதை மட்டும் காப்பாற்றினால் மற்றது தானே சரியாகும்.

இப்போது மருத்துவரை ஏன் இருக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். தடிக்கு வெள்ளை அடித்தார்கள் என்று சொன்னேன். தடியே வேண்டாம் என்று சொல்லக்கூடிய பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள். கருவிழி வெளுத்துப் போனதால் பார்வை இழந்தவர்கள் அவர்கள். கண்ணின் முன்பக்கத்தில், கடிகாரத்துக்குக் கண்ணாடி போல, சுமார் 12 மில்லிமீட்டர் அகலமும் நடுவில் அரை மில்லிமீட்டர் கனமும் கொண்ட தெளிந்த படலம்தான் கருவிழி. காயத்தாலோ கிருமியாலோ அது மங்கிவிட்டால், உள்ளே மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் வெளிச்சம் உள்ளே போகாது. மாற்றி வைத்தால் பார்க்கலாம். முதல் சங்கம் கூடிய அதே 1905ஆம் ஆண்டில், டிசம்பர் 7ஆம் நாள், இன்று செக் நாட்டில் இருக்கும் ஒலோமொட்ஸ் நகரத்தில் எட்வார்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளிக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. சங்கத்துக்கும் சிகிச்சைக்கும் ஒரே வயது.

இந்தச் சிகிச்சைக்குத் தேவையானது இறந்தவர் ஒருவரின் கண். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது, அதனால்தான் உயிர் பிரிந்த பிறகும் சில மணி நேரம் அது கெடாமல் இருக்கிறது. 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், வெப்பமான நேரத்தில் அதற்கும் முன்பாக. கண் வங்கிக் குழு வரும் வரை வீட்டார் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். இமைகளை மூடி, சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இரண்டு இமைகளின் மேலும் வையுங்கள், காய்ந்தால் மீண்டும் நனையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று பட்டால் கருவிழி காய்ந்து மங்கிவிடும். ஏசி இருந்தால் ஓடட்டும். தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து அரை அடி உயர்த்துங்கள், எடுக்கும்போது இரத்தக் கசிவும் வீக்கமும் குறையும். மருத்துவரின் இறப்புச் சான்றையும், உடல்நிலைக் காகிதங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். குழு வந்து 20 நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தமும் எடுப்பார்கள். முகம் சிதையாது.

கண்ணாடி போட்டவர் கொடுக்கலாம். கண்புரை அறுவை செய்தவர் கொடுக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர் கொடுக்கலாம். வயது தடையில்லை. எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், வெறிநாய்க்கடி, இரத்தப் புற்று போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதைக் கண் வங்கி முடிவு செய்யும், நீங்கள் முடிவு செய்துகொண்டு அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

எங்கே தவறுகிறது? மூன்று இடத்தில். கண் தான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார், வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒப்புதல் சொல்ல வேண்டியவர்கள் குடும்பத்தார், அவர்களுக்குத் தெரியாத படிவம் வெறும் காகிதம். இரண்டாவது, துக்க வீட்டில் யார் கேட்பது என்ற தயக்கம். கேட்க யாரும் இல்லாததால் கொடுக்க மனமிருந்த குடும்பமும் கொடுக்காமல் போகிறது. அழுகை சற்று அடங்கிய பிறகு, குடும்பத்தில் முடிவெடுக்கும் பெரியவர் ஒருவரைத் தனியே அழைத்து, அமைதியாக ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். மறுத்தால் கைகூப்பிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்றாவது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். சங்கத்தின் தட்டியில் போட்டிருக்கும் செல்போன் எண் போன ஆண்டுச் செயலாளருடையது. இரவு 2 மணிக்கு ஒரு மகன் அழைக்கிறான், எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஜோடிக் கண்கள், இருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பார்வை, போய்விடுகிறது.

புதிய தலைவர் அவர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். சங்கத்தின் பெயரில் ஒரு சிம், ஒரு செல்போன் வாங்குங்கள். பதவி மாறும்போது கழுத்துப் பட்டையும் மணியும் கை மாறுவது போல அந்தச் செல்போனும் கை மாறட்டும், எண் மாறக் கூடாது. வாரம் ஒருவர் என்று முறைப் பட்டியல் போடுங்கள், அவர் எடுக்காவிட்டால் அழைப்பு தானாக அடுத்தவருக்குப் போகும்படி அமைத்துவிடுங்கள். எடுப்பவர் கேட்க வேண்டியவை ஐந்து: இறந்தவர் வயது, இறந்த நேரம், காரணம், வீட்டு அடையாளம், ஒப்புதல் தருபவர் யார். மறுநிமிடம் கண் வங்கிக்குப் பேச வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு கூட்டத்திலும் பணிகளைப் பற்றிப் பேசும் அந்த 15 நிமிடத்தில் 3 நிமிடம் இதற்கு வேண்டும். எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை கண் கிடைத்தது, எந்த அழைப்பு தவறியது, ஏன் தவறியது, அடுத்த வாரம் செல்போன் யாரிடம். தவறாமல் கூடாத சங்கத்தில் இந்தப் பட்டியல் இரண்டு மாதம்கூட நிற்காது. ஆண்டுக்கு ஒரு முறை ஊர்வலம் விட்டால் படிவம் சேரும், கண் சேராது. அம்மி நகர அடி மேல் அடி வேண்டும்.

இளைஞர்களைச் சேர்ப்பது பற்றி மூன்றாவதாகச் சொல்கிறேன் என்றேன். ஆளுநர் அவர்கள் புறப்பட எழுந்துவிட்டார். அந்த முறைப் பட்டியலில் இரவு நேரத்தை ஏற்க இளைஞர்களைக் கேளுங்கள் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. எடுக்கும்போது உங்களோடு வந்திருக்கும் குடும்பத்தாரையும் மேசைக்கு அழைத்துப் போங்கள், சாட்சிக் கையெழுத்தை அவர்களே போடட்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் அவர்கள் அந்த மேசையிலேயே இன்னும் அரை மணி நேரம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் உங்களுக்கும் நன்றி, வணக்கம்.