பந்து தரையைத் தொட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் பலர் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலோ நந்தனத்திலோ ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்கள். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நம் வழக்கம். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நகருக்குள் நுழையும்போது நம் மட்டைகள் உறைக்குள் போயிருக்கும். இப்படிக் கடலோரத்தில் குடியிருந்துகொண்டே காற்றடங்கிய வேளையில் மட்டும் ஆடிப் பழகிய ஒருவர், ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ கடற்கரை மணல்மேடுகளுக்கு இடையே கிடக்கும் லிங்க்ஸ் தளம் ஒன்றில் முதல் முறையாக ஆடப் போகிறார் என்றால் அவர் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் தரையைப் பார்ப்போம். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவித்தது; நம் கிழக்குக் கடற்கரையில் இராவணன் மீசைப் புல்லும் அடும்பங்கொடியும் செய்கிற வேலையை அங்கே மேரம் என்னும் நெடும்புல் செய்து, அந்த மணலைக் கலையாமல் பிடித்து வைத்தது. உழவுக்கு உதவாத அந்த நிலத்தில் ஆடுகளும் முயல்களும் மேய்ந்தன, மனிதர்கள் பந்தடித்தார்கள். வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457இல் இந்த ஆட்டத்துக்குத் தடை விதிக்கும் அளவுக்கு அடித்தார்கள். மணல் மழைநீரை உடனே உள்ளே இழுத்துக்கொள்வதாலும், அங்கே வளரும் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல் அதிக நீரும் உரமும் கேட்காததாலும் தரை இறுகிக் கிடக்கிறது. வெப்ப நாடுகளின் தளங்களில் வளர்க்கப்படும் பெர்முடா புல், நம் வீட்டுப் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனந்தான். அது தண்ணீர் குடித்துத் தழைத்திருக்கும் இடத்தில் உயரத்திலிருந்து விழும் பந்து, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். லிங்க்ஸ் தரையில் அதே பந்து துள்ளும், சரிவைக் கண்டால் திரும்பும், பின்னர் நெடுந்தூரம் ஓடும். ஆகவே அங்கே குழியில் நட்ட கொடியைப் பார்த்துக் குறி வைப்பவரைவிட, கொடிக்கு முன்னால் எந்த இடத்தில் பந்து தரையைத் தொட வேண்டும் என்று பார்ப்பவரே பிழைக்கிறார்.

காற்றும் இதையே வற்புறுத்துகிறது. எதிர்க்காற்று வீசும்போது வேகத்தைக் கூட்டி அடிப்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் வேகமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடி, அந்தச் சுழற்சியே பந்தை மேலே தூக்கிக் காற்றின் கையில் கொடுத்துவிடுகிறது. சரியான வழி இதற்கு நேர்மாறானது. சென்னையில் 8ஆம் எண் அயர்ன் என்னும் இரும்பு மட்டை கேட்கும் தொலைவுக்கு அங்கே இன்னும் தூரம் அடிக்கும் 6ஐயோ 5ஐயோ எடுத்து, பந்தை வழக்கத்தைவிடச் சற்றுப் பின்காலின் பக்கமாக வைத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடித்து, மட்டையைத் தோளுக்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும். பந்து தாழப் பறந்து முன்னதாகவே இறங்கி, மீதித் தூரத்தை ஓடியே கடக்கும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புற்பரப்பான கிரீனுக்கு வெளியே இருபது முப்பது கஜம் தள்ளி நின்றாலும், பந்தை உருட்டும் மட்டையான பட்டரையே எடுப்பதில் அங்கே எந்த வெட்கமும் இல்லை. ஒட்ட மேய்ந்தது போன்ற அந்தப் புல்லில், பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜின் அடிப்பாகம் எகிறி, பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைக் கடந்து மறுபுறம் போய்விடும் அபாயம் அதிகம். வெட்ஜைச் சுழற்றிக் காட்டும் ஆசையைச் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

இந்த ஆட்டத்துக்கு உடல் வலிமை அவ்வளவாகத் தேவையில்லை என்பதற்கும், தரை யாருக்கும் கட்டுப்பட்டதில்லை என்பதற்கும் 2009ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டர்ன்பெர்ரியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியே போதும். அதற்கு முன் ஐந்து முறை ஓப்பனை வென்றிருந்த டாம் வாட்சனுக்கு அப்போது 59 வயது. தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களை முந்திக்கொண்டு கடைசிக் குழிக்கு வந்து, அதற்கென நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கையில் அதை முடித்தாலே வெற்றி என்ற நிலையில், அவர் 8ஆம் எண் அயர்னில் அடித்த அடி குறையற்ற அடி. பின்காற்றில் வந்த பந்து கிரீனில் இறங்கி, துள்ளி, நிற்க மனமில்லாமல் பின்விளிம்பைத் தாண்டி ஓடியது. அங்கிருந்து மூன்று அடிகள் ஆயின. சமநிலையை முறிக்கப் பின்னர் நடந்த நான்கு குழி ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார். நன்றாக அடித்ததற்கு இதுவா பலன் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கலாம். ஆனால் இந்த அநியாயத்தை நீக்கிவிட்டால் லிங்க்ஸ் ஆட்டத்தில் மிச்சமிருப்பது எங்கும் ஆடக்கூடிய சாதாரணக் கோல்ஃப்தான் என்பது என் கருத்து.

பங்கர்களின் கதையும் இதுவே. நம் ஊர்ப் பங்கர் அகன்ற மணல் தட்டு. அங்கே இருப்பதோ புற்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய சிறு குழி. உருண்டு போகும் பந்தைச் சுற்றியுள்ள சரிவுகள் தாமாகவே அதற்குள் கொண்டுபோய்த் தள்ளும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய தளத்தில் இத்தகையவை நூற்றுக்கு மேல் உள்ளன. ஜாக் நிக்லாஸ் போன்ற மேதையே 1995இல் அங்கே 14ஆம் குழியில் நரகம் என்று பெயர் பெற்ற பங்கருக்குள் சிக்கி, அந்த ஒரு குழிக்கு மட்டும் பத்து அடிகள் எடுத்தார். ஐந்தாண்டு கழித்து அதே தளத்தில் டைகர் வுட்ஸ் நான்கு நாள் ஆட்டத்திலும் ஒரு பங்கரில்கூட விழாமல், எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றியில் அவருடைய வலிமையைவிட, பந்து எங்கே ஓடி நிற்கும் என்று அவர் முன்கூட்டிப் போட்ட கணக்கே என்னை அதிகம் வியக்க வைக்கிறது. விழுந்தேவிட்டால், கர்வம் பார்க்காமல் பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ அடித்து வெளியேறுவதே உத்தமம்.

நம் கடற்கரையிலும் இப்படி ஒன்று அமைக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளில் சேர்த்துப் பாதுகாக்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். ஸ்காட்லாந்திலேயே அபர்தீன்ஷயரில் 2012இல் புதிய தளம் ஒன்று திறக்கப்பட்ட பின், அது அமைந்த ஃபோவரான் மணல்மேடுகளின் ஒரு பகுதி தன் அறிவியல் பாதுகாப்புத் தகுதியை 2020இல் இழந்தது.

போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஒரு யோசனை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய தளம் பொதுத்தளம். ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் வைத்திருக்கும் வெளியூர்க்காரரும் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் உலாவுவார்கள். முடிந்தால் ஞாயிறன்றே போய்ச் சேர்ந்து, மட்டையில்லாமல் அந்தத் தளத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். பதினான்கு குழிகள் ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்வதையும், முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்து சமமாகத் தெரிகிற ஃபேர்வே என்னும் புல்வெளிப் பாதை உண்மையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கால்கள் கண்டுகொள்ளும். மறுநாள் ஆட இடம் கிடைத்தால் மட்டைகளைச் சுமந்து வழிகாட்டும் கேடியிடம் தூரம் எவ்வளவு என்று கேட்குமுன், பந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.