தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா?

(திருகோணமலையில் எங்கள் வாசிகசாலையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதைச் சிறிது திருத்தி எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து மங்கல விளக்கேற்றிய கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆலய தர்மகர்த்தா சபைப் பெரியவர்களே, கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, பாலையூற்றிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, குடும்பநல உத்தியோகத்தர்களே, அதிபர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். இந்த மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து, நனைந்த சட்டையோடு கடைசி வரிசையில் போய் அமர்ந்தார். தலைவர் எழுந்து சென்று கையைப் பிடித்து அழைத்து வந்த பிறகுதான் மேடைக்கு வந்தார். நான் இன்று பேசப் போவதில் பாதி, அவர் ஆண்டு முழுவதும் வீடு வீடாகச் சொல்லிவரும் விடயம். பொன்னாடை போர்த்திய இளைஞர் கழகத்துக்கும் என் நன்றி.

'குடற்புழுக்களும் நம் மூலிகைகளும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். புழுக்கள் நம் உடலுக்குள் எப்படி வருகின்றன என்பது ஒன்று. நம் மூலிகைகள் அவற்றுக்கு எதிராக என்ன செய்தன என்பது இரண்டு. வீட்டு நாய் பூனைகளிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றுபவை மூன்று. எனக்குப் பிடித்த பழமொழி ஒன்றும் உண்டு. அதையும் இடையிடையே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'தும்பை விட்டு வாலைப் பிடித்தாற்போல' என்பது அது. தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. கயிறு கையில் இருக்கும்போது விட்டுவிட்டு, மாடு ஓடிய பிறகு வாலைப் பிடித்து இழுத்தால் என்ன கிடைக்கும்? உதைதான் கிடைக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 150 கோடிப் பேரின் வயிற்றில் மண்வழிப் புழுக்கள் இருக்கின்றன. வட்டப்புழு, சாட்டைப்புழு, கொழுக்கிப்புழு என்பவையே அவற்றில் முக்கியமானவை. வட்டப்புழு ஓர் அடி நீளம்வரை வளரும். ஒரு பெண் புழு ஒரே நாளில் இரண்டு இலட்சம் முட்டை இடும். அந்த முட்டை மலத்தோடு மண்ணுக்கு வந்து, சில வாரங்கள் முதிர்ந்து, கழுவாத கையிலோ கீரையிலோ ஒட்டி மறுபடி வாய்க்கு வருகிறது. கொழுக்கிப்புழுவுக்கு வாய்கூடத் தேவையில்லை. ஈர மண்ணில் காத்திருக்கும் அதன் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளம் புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்ப் பற்றிக்கொள்கிறது. கொழுக்கிப்புழுவில் சிறிய இனம் நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தம் குடிக்கும். சிறிய கணக்குத்தான். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. மாதாமாதம் ஒரு தேநீர்க் கோப்பையில் முக்கால் பங்கு இரத்தத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் இழக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கீரைப்பூச்சி இந்த மண்வழிப் புழுக்களில் சேராது. அது இரவில் ஆசனவாயில் வந்து முட்டையிட்டு, சொறியும் பிள்ளையின் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும் புழு. அதை எல்லாத் தாய்மாருக்கும் தெரியும்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். என் அம்மப்பா தம்பலகாமத்தில் பரியாரியார். நான் பாடசாலை விடுமுறைக்கு அங்கே போய் அவருக்கு மருந்து இடித்துக் கொடுப்பேன். ஒரு மாரி காலம். விதைப்பு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். மாட்டு வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. திண்ணைப் படி இரண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அம்மப்பா கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளிமை இளநீர் வழுக்கையைப் போல வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளை, முந்தானை முடிச்சில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய மாமி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பாக்கு அளவில் ஏழெட்டு அடுப்புக் கட்டித் துண்டுகள். வெந்த களிமண். ஒவ்வொன்றிலும் பல்லின் அடையாளம்.

மாமி அழத் தொடங்கிவிட்டாள். பேய் பிடித்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அம்மப்பா, "பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இரத்தம் இல்லாத உடம்பு மண்ணைக் கேட்கிறது" என்றார். பிறகு கணவனைத் தனியே அழைத்து, வீட்டில் எல்லோரும் வெளிக்கு எங்கே போகிறார்கள் என்று கேட்டார். வளவின் பின்னால் வாழைகளுக்கு இடையில் என்றான். "காலில் செருப்பு?" "இல்லை ஐயா." "அப்படியானால் நீ போய் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டு. மேலே பலகை போடு. வெட்டிய மண்ணைக் கையில் காட்டு. பிறகு மருந்து தருகிறேன்" என்றார்.

பெண்ணுக்கு முடியாமல் இருக்கும்போது குழி வெட்டச் சொல்கிறாரே என்று எனக்குக்கூடக் கோபம் வந்தது. மறுநாள் காலையில் அவன் வந்தான். முழங்கைவரை மண். கையை நீட்டினான். அம்மப்பா அந்த மண்ணைச் சிறிது கிள்ளி எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டினார். உருட்டியது உருண்டையாக நின்றது. "தம்பி, இது கறுத்த களி. உன் வயல் வரம்பில் பூசிக்கொண்டு வந்திருக்கிறாய். உன் வளவு செம்மண். உன் தகப்பனைப் பாம்பு கடித்தபோது இரண்டு இரவு அந்த முற்றத்தில் குந்தியிருந்தவன் நான். எனக்கு அந்த மண் தெரியாதா?" என்றார். திண்ணையில் இருந்த மற்ற நோயாளிகள் சிரித்துவிட்டார்கள். அவன் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போனான். மூன்றாம் நாள் வந்தபோது நகமெல்லாம் சிவந்திருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. அம்மப்பா அந்தக் கையைத் தாமே கழுவி எண்ணெய் தடவிவிட்டு, அதன் பிறகு எழுந்துபோய் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

வாய்விளங்கச் சூரணம் தேனில். அடுத்த நாள் ஆமணக்கெண்ணெய். வயிறு ஓய்ந்த பிறகு இரும்பிலிருந்து செய்த அயச் செந்தூரமும், நாள்தோறும் முருங்கைக்கீரையும். அறுவடைக்கு அந்தப் பெண் தானே நடந்து வந்து ஒரு மூட்டை புது நெல்லைத் திண்ணையில் வைத்தாள். அம்மப்பா நெல்லைப் பார்க்கவில்லை. "குழிக்கு மூடி போட்டாயா?" என்றுதான் கேட்டார்.

குடம்பி என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டவர் அல்லர். ஆனால் குழி இல்லாத வீட்டார் அடுத்த மாரிக்கு மறுபடி வருவார்கள் என்பதை நாற்பது ஆண்டுகள் பார்த்து அறிந்திருந்தார். தும்பு எது, வால் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி மூலிகைக்கு வருகிறேன். பெருமைப்பட நமக்கு நிறைய இருக்கிறது. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று தைமோல். அந்தத் தைமோல் எதிலிருந்து கிடைத்தது? நம் பாட்டிமார் குழந்தையின் வயிற்றுவலிக்குக் கொடுக்கும் அதே ஓமத்தின் எண்ணெயிலிருந்து! மாதுளை வேர்ப்பட்டையை நாடாப்புழுவுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். அதன் சத்தை 1878இல் பிரான்சில் பிரித்தெடுத்துப் பெல்லெட்டியரின் என்று பெயரிட்டார்கள். பப்பாசி விதையைக் காயவைத்துப் பொடித்துத் தேனில் கொடுத்து நைஜீரியாவில் 60 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். விதை பெற்ற 30 பேரில் 23 பேருக்குப் புழு நீங்கியது. வெறும் தேன் பெற்ற 30 பேரில் ஐந்து பேருக்குத்தான் நீங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனால் 2007இல் வெளிவந்த முறையான ஆய்வு. மலேரியா ஒட்டுண்ணிக்குச் சீனத்து மூலிகையிலிருந்து மருந்து கண்ட தூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. நூற்றுத் தொண்ணூறு சாற்று மாதிரிகள் பயன் தராமல் போயின. மூலிகையைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று ஒரு பழைய சுவடி சொன்னதைக் கவனித்து, சூடு குறைத்து எடுத்த 191ஆவது மாதிரிதான் வென்றது. சுவடியை நம்பினார், அதேவேளை சோதித்தும் பார்த்தார். நம் கோணேசபுரியில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதைத்தான்.

சோதிக்காமல் கொடுப்பதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஆடுதின்னாப்பாளையை அம்மப்பாவும் பூச்சிக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமின்றித் தெரிந்த உண்மை. அவர் உயிரோடு இருந்தால் அந்தப் புட்டியைத் தாமே கொட்டிப் புதைத்திருப்பார். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தையின் வாயில் விடாதீர்கள், தாய்மாரே. வேம்பு நல்லதுதான், ஆனால் அந்த எண்ணெய் வயிற்றுக்குள் போய் வலிப்பு வந்து இறந்த குழந்தைகள் உண்டு. பாடசாலையில் தரும் பூச்சிக்குளிசையை வாங்கி விழுங்க வையுங்கள். அது நல்ல மருந்து. கருவுற்றவர்களுக்கு முதல் மூன்று மாதம் கடந்த பிறகு கிளினிக்கில் தருவதையும் தட்டாதீர்கள்.

ஆனால் அந்தக் குளிசை வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும். மண்ணில் இருக்கும் முட்டையை என்ன செய்யும்? 1916இல் தொடங்கிய அந்தப் பெருமுயற்சியும் இங்கேதான் தடுக்கி விழுந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு போயிற்று. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மலசலகூடம் கட்டிக் கொடுக்கத் தோட்ட உரிமையாளர் பலர் கைவிரித்தார்கள். தொழிலாளிக்குப் புழு திரும்பி வந்தது. வால்தான் கையில் மிஞ்சியது. மலேரியாவில் நாம் அப்படிச் செய்யவில்லை. மருந்தோடு நிறுத்தாமல் நுளம்பையும் விரட்டினோம், காய்ச்சல்காரரின் இரத்தத்தைத் தேடித் தேடிச் சோதித்தோம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சென்ற ஆண்டு நம் மாவட்டத்தில் ஒரு பாடசாலைக்குப் பேசப் போயிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். மலசலகூடம் புதிது. தரைக்கு ஓடு பதித்திருந்தார்கள். திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருந்தது. குழாயைத் திருகினேன். காற்றுத்தான் வந்தது. மூலையில் ஒரு நீல நிற பரல், அதற்குள் கயிற்றில் கட்டிய வெடித்த கோப்பை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வெளியே வந்தாள். பரலுக்குள் கை எட்டவில்லை. விரல் நுனியை நனைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். அப்போது மதிய உணவு மணி அடித்தது. சோறும் பருப்பும். அதே கையால் பிசைந்து உண்டாள். அன்று காலையில்தான் அந்த வகுப்புக்குப் பூச்சிக்குளிசை கொடுத்திருந்தார்கள்.

கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவக் குழாய் வைத்திருக்கிறோம். பள்ளிவாசலில் வுளுச் செய்ய வரிசையாகக் குழாய் இருக்கிறது, மௌலவி அவர்கள் தலையசைக்கிறார். கந்தளாய்க் குளத்து நீர் நகரம்வரை வருகிறது. கன்னியாவில் ஏழு கிணற்றில் வெந்நீரே ஊறுகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை மலசலகூடத்திலிருந்து வந்து கை கழுவ நீர் இல்லை என்றால், பணிப்பாளர் அவர்களே, உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, உங்கள் கையைப் பிடித்துக் கேட்க வந்திருக்கிறேன். ஒவ்வொரு மலசலகூட வாசலிலும் நீர் வரும் குழாய் ஒன்று வேண்டும். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வேண்டும். சவர்க்காரத்துக்குப் பாடசாலைக் கணக்கில் ஒரு வரி வேண்டும். குழாய் நீர் போகாத பாடசாலைகளுக்குத் தாங்கியும், தண்ணீர்ப் பவுசர் வரும் நாள் எழுதிய அட்டவணையும் வேண்டும். கட்டடம் திறக்கும் நாளில் நாடா வெட்டுமுன் குழாயைத் திருகிப் பாருங்கள். நீர் வந்தால் வெட்டுங்கள்.

நாய் பூனைப் புழுக்களைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வீட்டு நாய்க்கும் பூச்சிமருந்து கொடுங்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. முதல் பக்கத்தில் நான் இப்போது சொன்ன வேண்டுகோள் எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலையின் பெயரையும், அங்கே குழாயில் நீர் வருகிறதா இல்லையா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தெரியாவிட்டால் நாளை பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். கொப்பி இந்த மாதம் முழுவதும் இங்கேதான் இருக்கும். பணிப்பாளர் அவர்கள் முதல் ஆளாகப் பேனாவைக் கேட்டிருக்கிறார், அவருக்கு நன்றி. தேநீரும் வடையும் பின்புறம் தயாராக இருக்கின்றன. போகும் வழியில் இடது பக்கம், இளைஞர் கழகத்தார் இன்று பிற்பகல் ஒரு குழாய் பூட்டிச் சவர்க்காரமும் வைத்திருக்கிறார்கள். சிறுவர்கள் முதலில் போகட்டும்.