திருப்பூர் சாயக்கழிவு: நிறத்தை விடுங்கள், உப்பைப் பாருங்கள்

(திரையில்: ஒரத்துப்பாளையம் அணை, மேலிருந்து எடுத்த காட்சி)

இது ஒரத்துப்பாளையம் அணை. திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டினார்கள். ஈரோடு, கரூர் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனம் பெற வேண்டிய அணை. சில வருடங்களிலேயே, "ஐயா, தயவுசெய்து இந்தத் தண்ணீரை மட்டும் திறந்து விடாதீர்கள்" என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலைமை வந்துவிட்டது. கொங்கு நாட்டில், வாய்க்கால் தண்ணீருக்கு வெட்டுக்குத்து வரைக்கும் போகிற ஊரில், தண்ணீர் வேண்டாம் என்று வழக்கு!

காரணம் எல்லோருக்கும் தெரியும், சாயப்பட்டறை. ஆனால் பெரும்பாலான பேர் மனதில் இருக்கிற படம் என்ன? ஆறு சிவப்பாக ஓடுகிறது, நீலமாக ஓடுகிறது, அதுதான் மாசு. அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நிறம் அசிங்கம்தான், மறுக்கவில்லை. நிலத்தைக் கெடுத்ததில் பெரிய பங்கு மட்டும் நிறமே இல்லாத ஒரு பொருளுக்கு: உப்பு.

(திரையில்: சாயமேற்றும் எந்திரத்தின் உள்பக்கம், கறுப்புத் துணி சுழல்கிறது)

சாயம் போடுகிற இடத்தில் உப்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பருத்தித் துணியைத் தண்ணீரில் போட்டால் அதன் மேற்பரப்பில் லேசாக எதிர்மின்சுமை வரும். பனியன் துணிக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சாயம் துணிப்பக்கமே வராமல் தண்ணீரிலேயே நிற்கும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் நூலுக்குள் இறங்கும். அதற்கப்புறம் சோடா சாம்பல் போட்டு, காரத்தில் சாயத்தைப் பருத்தியோடு வேதியியல் முறையில் பிணைப்பார்கள். ஆக, உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுகிற வேலையை மட்டும்தான் செய்கிறது. துணியில் துளிகூடத் தங்காது. கொட்டின அத்தனையும் கழிவு நீரில் வெளியே வரும்.

எவ்வளவு உப்பு? ஒரு கணக்குப் போடலாம். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரைக்கும் சாதாரணமாகப் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 640 கிராம் உப்பு. ஒரு கறுப்பு டி-ஷர்ட் 160 கிராம் எடை இருந்தால், அதற்காக நூறு கிராம் உப்பு ஏதோ ஒரு குழாய் வழியாக வெளியே போயிருக்கிறது. உங்கள் அலமாரியில் கறுப்பு, கருநீலம் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதோடு, துணியில் ஒட்டாத சாயமும் சேர்ந்து வரும். ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு பிணைகிற அதே நேரத்தில் தண்ணீரோடும் பிணைந்து வீணாகும். போட்டதில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு இப்படிப் போவது சகஜம். அதைக் கழுவ மறுபடி மறுபடி தண்ணீர். அப்புறம் துணியை வெளுக்கிற சலவைப் பட்டறையின் காரம், சோப்பு, பெராக்சைடு எல்லாம் வேறு.

சரி, சுத்திகரிப்புக்கு வருவோம். தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பூரில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல பட்டறைகளின் கழிவைக் குழாய் போட்டு ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்கிற ஏற்பாடு. அன்றைக்கு அங்கே நடந்தது என்ன தெரியுமா? சுண்ணாம்பு, இரும்பு சல்பேட் போட்டுக் கலக்கி, சாயத்தைச் சேறாகத் திரட்டி அடியில் படிய வைத்தார்கள். மேலே நிற்கிற தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். நிறம் போச்சு, திருப்தி, ஆற்றில் விட்டாயிற்று. ஆனால் உப்பு அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பும் சல்பேட்டும் போட்டதில் கரைந்த உப்பின் அளவு கொஞ்சம் கூடவும் செய்யும்! சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போனதைவிட வெளியே வந்தது உப்புக்கரித்தது என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

(திரையில்: டிடிஎஸ் மீட்டர், தெளிந்த தண்ணீரில் எண் ஏறுகிறது)

இந்தத் துறையில் இருப்பவர்கள் வாயில் எப்போதும் வருகிற வார்த்தை டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள திடப்பொருளின் மொத்த அளவு. ஆற்றில் விடுகிற தண்ணீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயப்பட்டறைகளிலிருந்து கலந்து வருகிற கழிவில் 6,000, 7,000 என்று இருக்கும். இதை வயலுக்குப் பாய்ச்சினால் என்ன ஆகும்? களிமண்ணில் கால்சியம் இருக்கிற இடத்தை சோடியம் பிடித்துக்கொள்ளும். மண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்காமல் பிரிந்து, இடைவெளிகளை அடைத்து, காய்ந்ததும் தளம் போட்ட மாதிரி இறுகிவிடும். மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காது. கிணற்றில் ஏறின உப்பும் ஒரு மழைக்காலத்தில் போய்விடாது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் நீதிமன்றம் கெடு வைத்தது: ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து முடியுங்கள், அதுவரைக்கும் வெளியேற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்டுங்கள் என்று. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு அறிவிக்கப்பட்ட இழப்பீடு சுமார் 24.8 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரம்கூடத் தேறாது. கெடு தாண்டியும் கழிவு நிற்கவில்லை, 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஊரே ஸ்தம்பித்தது. துணியைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்பினார்கள், வேலை போனவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அப்புறம் மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்து, அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் சோதித்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

இனி அந்த ஒரு சொட்டுகூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வீடியோவில் முக்கியமான பகுதி இதுதான், ஓட்டிவிடாதீர்கள்.

(திரையில்: காற்றடிக்கும் தொட்டி, பழுப்பு நுரை)

முதலில் எல்லாக் கழிவையும் ஒரு பெரிய தொட்டியில் சேர்த்துக் கலப்பார்கள், காலையில் கறுப்பும் மதியம் வெள்ளையும் மாறி மாறி வந்தால் பாக்டீரியா தாங்காது. அப்புறம் அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து உயிரியல் தொட்டிக்கு அனுப்புவார்கள். அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கும், பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்னும். தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே இருக்கிற ஆபரேட்டர் ஒரு எளிய சோதனை செய்வார். தொட்டியிலிருந்து ஒரு லிட்டரை அளவுக் குடுவையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார். சேறு அடர்த்தியாகக் கீழே படிந்து மேலே தெளிந்திருந்தால் நிம்மதி. உப்பி நடுவிலேயே நின்றால் அன்றைக்குத் தலைவலி, அந்தச் சேறு அடுத்து வருகிற படிய வைக்கும் தொட்டியிலும் படியாது, அதற்கடுத்த கட்டங்களுக்குப் போய் ஆர்.ஓ. சவ்வுகளை அடைத்துவிடும்.

பாக்டீரியா சாயத்தின் நிறத்தை முழுசாக எடுக்காது. வெயிலுக்கும் சோப்புக்கும் மங்கக் கூடாது என்றே வடிவமைத்த பொருள், பாக்டீரியாவுக்கு மட்டும் எளிதில் அடங்குமா? மீதியை ரெசின் வடிகட்டியில், அதாவது சாயத்தை இழுத்துப் பிடிக்கிற சிறு மணிகள் நிரப்பிய வடிகட்டியில், பிடிப்பார்கள். இப்போது கையில் இருப்பது தெளிவான, ஆனால் கடுமையாகக் கரிக்கிற தண்ணீர். பழைய நிலையம் நின்ற இடம் கிட்டத்தட்ட இதுதான்.

இங்கேதான் ஆர்.ஓ. வருகிறது. அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மட்டும் சவ்வு வழியே தள்ளுவது. பல கட்டமாகச் செய்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நல்ல தண்ணீரை எடுத்துவிடலாம், அது பட்டறைக்கே திரும்பிப் போகும். மிச்சம் பத்துப் பங்கு? உள்ளே வந்த உப்பு எல்லாம் இப்போது அந்தப் பத்துக்குள் இருக்கிறது. டிடிஎஸ் 6,500 இருந்தது 65,000 ஆகிவிட்டது, கடல்நீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்கு மேல் அழுத்தினால் சவ்வு தாங்காது. காய்ச்சித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சுவது என்றால் விளையாட்டில்லை. கடல்நீரை ஆர்.ஓ. செய்யவே 1,000 லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போதும். அதே 1,000 லிட்டரை ஆவியாக்க வேண்டிய வெப்பம் சுமார் 627 யூனிட்டுக்குச் சமம். அதனால்தான் ஒரு கலத்தில் எழுந்த ஆவியை வைத்தே அடுத்த கலத்தைக் கொதிக்க வைப்பார்கள், அடுத்ததில் அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அப்படியும் நிலையத்தின் செலவில் பெரும் பகுதி இங்கேதான். விறகு, நிலக்கரி எரித்து நீராவி போடுகிறவர்கள் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஆற்றைக் காப்பாற்றக் காற்றில் ஏற்றுகிறோம் என்கிற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என்னைக் கேட்டால், நொய்யலுக்கு அன்றைக்கு வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

காய்ச்சி அடர்ந்த கரைசலில் ஒரு அழகான வேதியியல் இருக்கிறது. சாயத்துக்குப் போடுகிற உப்பில் இரண்டு வகை: சாதாரண உப்பு, சோடியம் சல்பேட். சோடியம் சல்பேட் 30 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 40 கிராம் கரையும், 10 டிகிரியில் வெறும் 9 கிராம். சாதாரண உப்போ இரண்டிலும் 36 கிராம்தான், சூடு குளிர் எதுவும் அதை அசைக்காது. ஆகவே கரைசலைக் குளிரவைத்தால் சல்பேட் மட்டும் படிகமாகக் கீழே விழும். அதை எடுத்து மறுபடி சாயத் தொட்டியிலேயே போடலாம். பல பட்டறைகள் சாதாரண உப்பை விட்டுவிட்டு சல்பேட்டுக்கு மாறினதற்கு இதுவும் ஒரு காரணம்.

(திரையில்: கொட்டகையில் அடுக்கிய மூட்டைகள்)

எல்லாம் எடுத்த பிறகும் கடைசியில் ஒரு கலவை தங்கும். இரண்டு உப்பும், கொஞ்சம் சாய மிச்சமும் சேர்ந்து அழுக்கு நிறத்தில். 'மிக்சட் சால்ட்' என்பார்கள். சாயத்துக்கு உதவாது, மண்ணில் புதைத்தால் மழையில் கரையும். அதனால் மூட்டை கட்டிக் கூரைக்குக் கீழே அடுக்கி வைக்கிறார்கள், வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது.

இதைக் குறைக்க வேண்டுமானால் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆரம்பித்துப் பயனில்லை, சாயத் தொட்டியிலேயே கைவைக்க வேண்டும். குறைந்த உப்பில் ஏறுகிற சாயங்கள் இருக்கின்றன. துணிக்கு முன்கூட்டியே நேர்மின்சுமை ஏற்றிவிட்டால் உப்பே இல்லாமலும் சாயமேற்றலாம், ஆனால் அந்த ரசாயனத்துக்குத் தனிச் செலவு, நிறம் திட்டுத்திட்டாக விழுகிற பயமும் உண்டு. லிட்டருக்கு 80 கிராம் போடுகிற இடத்தில் 50 போட்டாலே, ஒரு டன் துணிக்கு 240 கிலோ உப்பு அந்தக் கொட்டகைப் பக்கமே வராது.