மாத்திரையில் 4 மில்லிகிராம், இன்ஹேலரில் 0.1 மில்லிகிராம்: மருந்து ஒன்றுதான், வேகம் ஏன் வேறு?

வணக்கம். ஆஸ்துமா மூச்சிரைப்பைத் தணிக்கும் சால்பியூட்டமால் மருந்தைப் பெரியவர்கள் மாத்திரையாக விழுங்கும்போது ஒரு வேளைக்கு வழக்கமாக 4 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம்தான் வருகிறது, அதாவது மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. ஆனாலும் சில நிமிடங்களிலேயே மூச்சிரைப்பைத் தணிப்பது அந்தச் சிறிய அளவுதான். உங்கள் வீட்டில் இன்ஹேலர் இருந்தால், அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து பாருங்கள்.

மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தோடு உடல் முழுவதும் பரவும்போதுதான் நுரையீரலுக்கும் வருகிறது. அந்தப் பரவலில் கைநடுக்கமும் படபடப்பும் உண்டாகலாம். இழுக்கும் மருந்தோ, மூச்சுக் கிளைக்குழாய்களைச் சுற்றி இறுகியிருக்கும் தசைக்கு நேராகச் சென்று, அங்குள்ள பீட்டா-2 ஏற்பிகளில் (மருந்தை ஏற்கும் புரதங்களில்) பொருந்தி, தசையைத் தளர்த்துகிறது.

1955இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வக நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள், தலைமுடி ஸ்ப்ரேயைப் போல தன் ஆஸ்துமா மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கேட்டாள்; அடுத்த ஆண்டே அழுத்தி இழுக்கும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துப் பாருங்கள். கனமான நெல் காலடியிலேயே விழுகிறது, பதர் காற்றோடு சற்றுத் தள்ளிப் போய் விழுகிறது, தூசியோ எங்கும் தங்காமல் பறந்தே போய்விடுகிறது. இன்ஹேலரிலிருந்து வரும் துளிகளுக்கும் இதுவே நேர்கிறது. 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட பெரிய துளிகள், தொண்டையின் வளைவில் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் அங்கேயே மோதி ஒட்டிக்கொள்கின்றன. 1 மைக்ரானுக்கும் குறைந்தவற்றில் பெரும்பகுதி மூச்சை விடும்போது வெளியேறிவிடுகிறது. 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ளவையே, ஏறத்தாழ 23 முறை கிளை பிரியும் காற்றுப்பாதையின் உள்ளே சென்று படிகின்றன. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை எண்ணினால் அந்த நுண்மை புரியும். களத்தில் நெல்லைக் காக்கிறோம். நுரையீரலில் நமக்கு வேண்டியது பதர்.

வேகமும் முக்கியம். குப்பியிலிருந்து பீறிட்டு வரும் துளிகள் தொண்டையில் அதிகம் மோதுவதால், பல இன்ஹேலர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு மருந்தே நுரையீரலை அடைகிறது. ஸ்பேசர் என்ற வெற்றுக் குழலைப் பொருத்தினால் துளிகள் அதற்குள் வேகம் தணிந்து சிறுத்துவிடுகின்றன, பெரியவை அதன் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. ஸ்பேசர் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைப்பது தவறு. பெரியவர்களும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அழுத்தும் வகை இன்ஹேலரில் மூச்சை மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, முடிந்தால் 10 விநாடி அடக்க வேண்டும். துளிகள் படிவதற்கு அந்த அவகாசம் தேவை.

ரோட்டாகேப் (பொடி மருந்து அடைத்த குப்பி மாத்திரை) போன்ற பொடி வகைக்கு இதற்கு நேர்மாறாக வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அதில் உந்தும் வாயு கிடையாது. மருந்துத் துகள்கள் லாக்டோஸ் பொடியின் மேல் ஒட்டியிருக்க, உங்கள் மூச்சின் விசையே அவற்றைப் பிரித்தெடுக்கிறது. பொடி வகையைப் பழகியவர் அதே வேகத்தில் அழுத்தும் இன்ஹேலரை இழுத்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

இன்னொரு வகையான ஸ்டீராய்டு இன்ஹேலர் தசையைத் தளர்த்துவதற்கானது அன்று. குழாயின் உட்சுவர் வீக்கத்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் குறைப்பது அதன் வேலை. உடனே பலன் தெரியவில்லை என்றோ, பழகிவிடும் என்று அஞ்சியோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். தொண்டையில் விழுந்த அந்த ‘நெல்’ அங்கேயே தங்கினால் நாக்கில் வெண்பூஞ்சை வளரக்கூடும்.