சனிவார் வாடாவில் அலறுவது யார்?

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, மராத்தி நண்பர்களையும் அழைத்து வந்திருக்கும் பேராசிரியை அம்மா அவர்களே, கொட்டுகிற மழையில் ஒலிபெருக்கி கட்டிய தம்பிகளே, புனே வாழ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இந்த ஊரின் பழைய கோட்டை மாளிகையான சனிவார் வாடாவின் பேய், அதைக் கட்டிய பேஷ்வாக்கள் என்ற மராட்டிய ஆட்சியாளர்கள், பழைய கோட்டைகளின் பராமரிப்பு என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். பார்ப்போம்.

இந்த ஊருக்குக் குடிவரும் எவருக்கும் முதலில் கிடைப்பது பௌர்ணமிக் கதைதான். "காகா, மலா வாச்வா!" சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள் என்று நள்ளிரவில் ஒரு பிள்ளை அலறுமாம். எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த கரூர்த் தம்பி ஒருவன், அதைக் கேட்டே தீருவேன் என்று பௌர்ணமியன்று கிளம்பிவிட்டான். கதவு சாத்தியிருந்தது. மதிலோரம் நின்றான். சற்று நேரத்தில் பின்னாலிருந்து "காகா!" என்று ஒரு குரல். ஒரு செருப்பு அங்கே, ஒரு செருப்பு இங்கே, ஆள் ஓட்டம்! மறுநாள் செருப்பைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, யாரோ வடாபாவ் வண்டிக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனுக்குக் காதிலும் பேய்!

சரி, அந்த அலறல் கதைக்குப் பின்னால் இருக்கும் கொலை நிஜம். முதலாம் பாஜிராவ் 1730இல் தொடங்கிய மாளிகை அது. 1773 ஆகஸ்ட் 30, பிள்ளையார் சதுர்த்தி நாட்கள். பதினெட்டு வயது பேஷ்வா நாராயணராவைக் கார்டி எனப்படும் கூலிப்படைக் காவலர்கள் வாளோடு துரத்தினார்கள். பிள்ளை சித்தப்பா ரகுநாதராவின் அறைக்கு ஓடி அவரைக் கட்டிக்கொண்டான். அங்கேயே வெட்டிவிட்டார்கள். பதவியில் உட்கார்ந்ததும் அந்தச் சித்தப்பாதான்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். ராமசாஸ்திரி பிரபுணே என்ற நீதிபதி இந்தக் கொலையை விசாரித்தார். நாட்டையே ஆளும் ரகுநாதராவைக் குற்றவாளி என்றார், பதவியையும் உதறினார். இந்த அரங்கில் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா! பேயைத் தெரிந்த அளவுக்கு நீதிபதியைத் தெரியவில்லை. 1828 தீயில் மாளிகையின் உட்கட்டடங்கள் போயின, மதிலும் வாசல்களும் மிஞ்சின. நம் பிள்ளைகளிடமோ அலறல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

புத்தகம் இல்லாத வீட்டில் வதந்திதான் வாத்தியார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், விளக்கேற்ற வேண்டாமா? நான் போகிற மேடையெல்லாம் கேட்கும் சிறுவர் வாசக அறையைத்தான் இங்கும் கேட்கிறேன். தமிழ், மராத்தி இரண்டிலும் வரலாற்று நூல்கள் வேண்டும். மருத்துவர் ஐயா தம் வீட்டுக் கீழ்த்தளத்தைத் தருவதாக வாக்களித்திருக்கிறார், கைதட்டுங்கள்! ஐயா இனிப் பின்வாங்க முடியாது.

பேஷ்வாக்களையும் பராமரிப்பையும் தொடக்கூட இல்லை, தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அலமாரி வாங்க நன்கொடை ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகிற வழிதான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.